கொடுக்காத சைக்கிள்

பாகூர் கடைத்தெருவில் ஒரு பாய் கடை வைத்திருந்தார். ஊசி, நூல், பொத்தான், ரிப்பன், கண்ணாடி வளையல், பவுடர் டப்பா. விற்றதெல்லாம் புத்தம் புதுசு. ஆனால் தனக்கென்று அவர் ஒரு சாமானைப் புதுசாக வாங்கி நான் பார்த்ததில்லை. உட்கார்ந்த நாற்காலி, மழைக்குப் பிடித்த குடை, கையில் கட்டிய கடிகாரம், கடைக்குப் போட்ட பூட்டு வரைக்கும் இன்னொருத்தர் வைத்திருந்து கைமாறியவைதான். கஞ்சன் என்று சொல்லித் தள்ளிவிடவும் முடியாது. ஒரு பழைய பூட்டுக்கு அவர் அலைந்த அலைச்சலில் பஸ் காசை மிச்சம் பிடித்திருந்தால் புதுப் பூட்டே வாங்கியிருக்கலாம்.

ஒருநாள் வாய் சும்மா இருக்காமல் கேட்டேவிட்டேன். "ஏன் பாய், புதுசு வாங்குனா கடிக்குமா?"

"புதுசுன்னா யாருகிட்டம்மா கேக்கறது?" என்றார், ரிப்பனை முழம் போட்டபடியே.

அவரைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பதில் போதும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாரிடமிருந்தாவது ஒரு பொருளை வாங்கினால், கொடுத்தவர் உள்ளுக்குள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல்தான் கொடுத்தாரா என்று கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். ஹலாலாக்கிக்கொள்வது என்பார்கள் அவர்கள் வீட்டில். மற்றவர்கள் அதை ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நம் பாய் பேச்சுக்குக் கேட்கிற ஆள் இல்லை. பொருளை வைத்திருந்தவர், அதைப் புழங்கியவர், அந்த வீட்டில் அதன் மேல் ஒரு கண் வைத்திருந்தவர் எல்லோரும் அவர் எதிரில் வந்து நின்று, "மனசாரக் குடுத்தேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். இந்து வீடோ, கிறிஸ்துவர் வீடோ, எல்லோருக்கும் ஒரே சட்டம். தலையாட்டினால் செல்லாது.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்சன் வாங்கியவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அவர் போன பிறகு, அவர் சாய்ந்து படுத்திருந்த நாற்காலியைப் பிள்ளைகள் விற்றார்கள். பாய் போய் நின்றார். பெரியவனைக் கேட்டார், சின்னவனைக் கேட்டார், அவர்கள் அம்மாவைக் கேட்டார். மூன்று பேரும் சொல்லிவிட்டார்கள். பாய்க்கு அப்போதும் திருப்தி இல்லை.

"நாக்காலி அவருதாச்சே. போறதுக்கு முன்னாடி எதாவது சொன்னாரா?" என்று கேட்டார்.

"தண்ணி கேட்டாரு" என்றாள் அந்த அம்மாள்.

பாய் நகரவில்லை. கடைசியில் அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அவருக்குப் பதிலா நானே சொல்றேன், மனசாரக் குடுத்தாரு, தூக்கிக்கினு போ பாய், கூடம் அடைச்சிக்கினு கெடக்குது" என்று அதட்டிய பிறகுதான் நாற்காலி வாசலைத் தாண்டியது. கடைக்குப் போகிறவர்கள் எல்லோரும் இதைச் சொல்லிச் சிரிப்போம். பாயும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டு அடுத்த சாமானுக்கு அதே போல் போய் நிற்பார்.

இன்னொரு கதைக்கு நான் சிரித்ததில்லை. அவர் சம்சாரத்துக்கு ஒரு தையல் மிஷின் மேல் வெகுநாள் ஆசை. வில்லியனூரில் ஒரு வீட்டில் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு பாய் போனார். வீட்டுக்காரர் சொன்னார், அவர் மனைவியும் சொன்னாள். மிஷினை மாட்டு வண்டியில் ஏற்றி ஊர் எல்லைக்கு வந்தாயிற்று. அங்கே இவருக்கு என்னவோ உறுத்தியிருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டுத் தான் மட்டும் திரும்பி நடந்து போயிருக்கிறார். அந்த வீட்டு அம்மாள் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாளாம். மிஷின் கால் பதிந்திருந்த தடத்தின் மேல் துடைப்பம் படாமல் சுற்றிச் சுற்றிப் பெருக்கினாளாம். அவ்வளவுதான். மிஷின் அதே வண்டியில் அதே வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

வீட்டில் ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லை. நான் போனபோது அந்த அக்கா கிழிந்த பாவாடையைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். "ஊர்ல இருக்கற எல்லார் மனசும் தெரியுது இவுருக்கு. வூட்ல இருக்கற மனசு மட்டும் தெரியல" என்றாள். எனக்கு அன்றைக்கு பாய் மேல் நல்ல கோபம். அவருடைய நேர்மைக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தது பெரும்பாலும் அந்த அக்காதான்.

இப்படிப்பட்ட மனுஷரை நம்பித்தான் நான் என் முதல் சைக்கிளை வாங்கப் போனேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மார்கழி. நர்சு படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். பாகூர் பக்கத்தில் ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்க்கவும் ஊசி போடவும் ஒரு இடம் காலியாக இருந்தது. சொந்தமாகச் சைக்கிள் வைத்துக்கொண்டு ஓட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் அது. இல்லாவிட்டால் ஏனாம். பாண்டிச்சேரியில் சர்க்கார் வேலை பார்த்தவர்களுக்கு ஏனாம் என்றால் என்னவென்று தெரியும். எங்கேயோ ஆந்திரக் கோடியில் கிடக்கிற நம்மூர். எனக்குத் தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது. அதைக்கூடக் கற்றுக்கொண்டுவிடலாம். அம்மாவை என்ன செய்வது? அப்பா இல்லை, உடன்பிறந்தவர் இல்லை, அம்மாவுக்குக் கண் முக்கால்வாசி போயிருந்தது.

"இந்த வூடுன்னா செவுரு செவுரா புடிச்சிக்கினு நடந்துடுவேன். புது ஊர்ல எத்தடி புடிக்கறது?" என்றாள் அம்மா.  தை பிறந்ததும் வேலையில் சேர வேண்டும். அதற்குள் சைக்கிள் கைக்கு வந்தாக வேண்டும்.

ஓட்டக் கற்றுக்கொண்டது ஏரிக்கரையில், விடியற்காலையில், வாடகை சைக்கிளில். ஆம்பளை வண்டி. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குரங்குப் பெடல் போட்டேன். விழுந்தேன். குளிரில் சிராய்ப்பு எரிந்தது. பல் துலக்க வந்தவர்கள் பல் துலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஆனால் புடவை கட்டிக்கொண்டு வேலைக்குப் போக அந்த வண்டி ஆகாது, நடுவில் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள் வேண்டும். புதுசு வாங்க வக்கில்லை. பழசு அந்தக் காலத்தில் எங்கள் கொம்யூன் ஊர்களில் அபூர்வம். எந்த வீட்டில் எது விலைக்கு வருகிறது என்று வளையல் வாங்க வருகிற பெண்கள் வழியாக பாய்க்குத்தான் முதலில் தெரியும். வயசுப் பெண் தனியாக வீடு வீடாகப் போய்ப் பேரம் பேசவும் முடியாது. அதனால் பாய்.

சைக்கிளைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுதான் அவருக்கும் தெரியும் என்பது வில்லியனூரில்தான் எனக்குத் தெரிந்தது. தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வீடு. வண்டி சுவரில் சாய்ந்திருந்தது. பாய் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் மணியை அடித்துப் பார்த்தேன். நன்றாக அடித்தது. அதற்கு மேல் எதைப் பார்ப்பது என்று எனக்குத் தெரியாததால் இன்னொரு முறையும் அடித்தேன்.

"மனசாரக் குடுக்கறீங்களா?"

"மனசாரவா! எடுத்துக்கினு போங்க பாய், மகாராசியா ஓட்டட்டும் பொண்ணு" என்றார் வீட்டுக்காரர். அவர் மனைவி சொன்னாள். அவர் மகன் கேட்பதற்கு முன்பே சொன்னான்.

பாய் முகமெல்லாம் மலர்ச்சி. "எவ்ளோ சந்தோசமா குடுக்கறாங்க பாத்தியா?" என்றார் என்னிடம்.

ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏறினேன். சந்து முனையில் இடது பக்கப் பெடல் கழன்று சாக்கடையில் விழுந்தது. பிரேக்கைப் பிடித்தால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சுவர்தான் என்னை நிறுத்தியது. இந்தச் சனியன் தொலையாதா என்றிருந்த குடும்பம் சந்தோஷமாகக் கொடுக்காமல் வேறு எப்படிக் கொடுக்கும்? பாயைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவருடைய சொந்த சைக்கிளும் அப்படி மனசாரக் கொடுக்கப்பட்டதுதான். செயின் நிற்காது. ஓட்டியதைவிடத் தள்ளிக்கொண்டு போனதுதான் அதிகம்.

அடுத்தது திருக்கனூர். இரண்டு பஸ் மாறிப் போனோம். சந்தையில் ஒரு தரகன் கையில் லேடீஸ் வண்டி. இந்த முறை நான் சும்மா இருக்கவில்லை. வாடகை சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டு வைத்திருந்தேன். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் கோட்டம் இருக்கிறதா என்று பார்த்தேன். பெடலை ஆட்டிப் பார்த்தேன், பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பணத்தை எடுக்கக் கை போனது.

"யாரு வண்டிப்பா இது?" என்றார் பாய்.

"என்னுதுதான்."

"நீ பொம்பள வண்டியா ஓட்டற? உனக்கு முன்ன யாருது?"

"இன்னா பாய், வண்டி வேணுமா, வண்டியோட வம்சம் வேணுமா?"

பாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கேட்க ஆள் இல்லாத பொருளை அவர் தொடமாட்டார். திரும்பி வருகிற பஸ்ஸில் நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவர் வறுத்த வேர்க்கடலை வாங்கி நீட்டினார். அதை வாங்கி முழுவதையும் நானே தின்றேன். அவருக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

மார்கழி முடிய நாலைந்து நாள் இருக்கும்போது சோரியாங்குப்பத்திலிருந்து சேதி வந்தது. ஆற்றோரம் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர் வீடு. அவர் மகள் பாகூர் ஸ்கூலுக்கு வந்துபோக வாங்கிய சைக்கிள். மாட்டுக்கொட்டகையில் ஒரு ஓரமாக நின்றது. பச்சை நிறம். கோணி விரித்து அதன் மேல் நிறுத்தியிருந்தார்கள். கம்பிகளில் துரு இல்லை. கைப்பிடியில் பிளாஸ்டிக் ஒயர் நெருக்கமாகச் சுற்றியிருந்தது. சீட்டுக்குப் பழைய பாவாடைத் துணியில் உறை. சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். கோட்டமே இல்லை. இதுதான் என் வண்டி என்று அந்த நிமிஷமே மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

"பொண்ணுக்குத் தையில கல்யாணம் பாய். கடலூர் பக்கம் குடுக்கறோம். அவங்க வூட்ல பொம்பள சைக்கிள் ஓட்டறதெல்லாம் ஆவாதுன்னுட்டாங்க. இங்க கெடந்து இன்னா பண்ணப் போவுது?" என்றார் அவள் அப்பா.

"மனசாரக் குடுக்கறீங்களா?"

"குடுத்தேன்."

"ஓட்டுன பொண்ணக் கூப்புடுங்க."

அவள் வந்தாள். பதினேழு வயது இருக்கும். கையில் சாணி. கழுவாமல் அப்படியே வந்து நின்றாள்.

"யம்மா, இந்த வண்டிய மனசாரக் குடுக்கறியா?"

அவள் வண்டியைப் பார்த்தாள். 

"சொல்லுடி" என்றார் அப்பா. "கேக்கறாரு இல்ல? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயேன்."

"மாட்டேன்" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "நீ விக்கறதுன்னா வித்துக்கோப்பா. நான் குடுக்கல."

அப்பா கையை ஓங்கினார். பாய் குறுக்கே போய் நின்றுகொண்டார். "உடுங்க, உடுங்க. கேட்டதுக்கு உள்ளத சொல்லுச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "போலாம்மா."

நான் சைக்கிள் கைப்பிடியை விடவில்லை. "எங்க போவறது பாய்?"

"வேற பாக்கலாம்."

"வேற எங்க இருக்குது? நாலு நாள்ல நான் ஏனாம் போவணும். இந்தப் பொண்ணுகிட்ட கேட்டீங்களே, எங்கம்மாகிட்ட கேட்டீங்களா? பொண்ண மனசார அனுப்பறியான்னு யாராச்சும் கேக்கப் போறாங்களா அவங்கள? செவுர புடிச்சிக்கினு தனியா நிக்கப் போவுதே அது, அதுக்கு யாரு மனசாரன்னு சொல்லணும்?"

கொட்டகை மாடுகூட மெல்லுவதை நிறுத்திவிட்டதோ என்று எனக்குத் தோன்றியது.  எதற்கும் ஒரு சொல் வைத்திருக்கிற மனுஷர் அங்கே கிடந்த உரலின் மேல் குந்திவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. எனக்கு அவர் மேல் பரிதாபமாக இருந்தது, ஆனால் கோபம் குறையவில்லை.

அந்தப் பெண்தான் பேசினாள். என்னைப் பார்த்து. "இன்னா வேலக்கா?"

"நர்சு. பிரசவம் பாக்கறது."

"எங்க ஊருக்கும் வருவீங்களா?"

"இதுவும் என் சரகம்தான். வருவேன்."

அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சீட்டு உங்களுக்கு ஒசரம். எறக்கிக்கணும்" என்றாள். பிறகு பாயிடம், "நான் குடுக்கல பாய். ஆனா எடுத்துக்கினு போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பணத்தை அவள் அப்பா கையில் எண்ணி வைத்தேன். பாய் எழுந்தார். தன் ஆயுசில் முதல் தடவையாக, கொடுக்காத பொருள் ஒன்றை எடுத்தார். கோணியிலிருந்து வண்டியை அவரேதான் இறக்கினார். "பாவம் இருந்தா என் தலையில இருக்கட்டும். நீ ஏறு" என்றார். ஏறினேன். சீட்டு உயரமாகத்தான் இருந்தது. குருவிநத்தம் வரைக்கும் அவர் தன்னுடைய ஓட்டை வண்டியைத் தள்ளிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தார். திரும்பிப் பார்த்தபோது வெகுதூரம் பின்தங்கியிருந்தார்.

வேலை கிடைத்தது. அம்மா தன் சுவர்களோடு இருந்தாள். நான் தினமும் அந்தப் பச்சை சைக்கிளில் கடைத்தெரு வழியாகப் போவேன். மணியடித்தால் மற்ற கடைக்காரர்கள் தலை நிமிர்ந்து "நர்சம்மா" என்பார்கள். பாய் குனிந்து பொத்தானைப் பிரித்துக்கொண்டிருப்பார். நான் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போனால் பழையபடி பேசுவார். என்மேல் வருத்தமில்லை. வண்டிதான் அவர் கண்ணில் படக்கூடாது.

இன்னொன்றும் நடந்தது. அதற்குப் பிறகு அவர் எதையும் வாங்கவில்லை. குடை கிழிந்தது, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். கடிகாரம் நின்றது, பக்கத்துக் கடையில் மணி கேட்டுக்கொண்டார். யாராவது வந்து, "பாய், மனசாரக் குடுக்கறேன்" என்று சிரித்தால், "கேக்கற தகுதி போச்சுப்பா" என்பார். வேடிக்கையாகத்தான் சொல்வார், ஆனால் கேட்க எனக்கு என்னவோ செய்யும். ஊருக்கே கேள்வி கேட்ட வாயை நான் அடைத்துவிட்டேனோ என்று இருக்கும். ஆனால் அம்மா கதவைத் தடவித் திறந்து, "வந்துட்டியாடி?" என்று கேட்கும்போது அந்த நினைப்பு போய்விடும்.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண் தலைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தாள். நான்தான் போனேன். வாசலில் வண்டியை நிறுத்தியதும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். என்னை வாங்க என்று சொல்லவில்லை. "செயினுக்கு எண்ண போடறதில்லியாக்கா?" என்றாள். வலி விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. அந்த இடைவெளியில் அவளுடைய அம்மாவை விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு அனுப்பி, செயினுக்கு ஒரு சொட்டு விடச் சொன்னாள். மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. நல்லபடியாகப் பிறந்தது.

நான் கை கழுவிக்கொண்டு கிளம்பும்போது கூப்பிட்டாள். முகம் வெளுத்திருந்தது, கண் மட்டும் பளிச்சென்றிருந்தது. "அக்கா, அந்த பாய் இருக்கறாரா?"

"இருக்கறாரு."

"அவருகிட்ட சொல்லிடுங்க. வண்டிய மனசாரக் குடுத்துட்டேன்னு. அந்த வண்டி இல்லன்னா நீங்க இங்க வந்திருக்க முடியாது இல்ல? அதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. சோரியாங்குப்பத்திலிருந்து பாகூர் வரைக்கும் ஒரே மூச்சில் மிதித்தேன். மனுஷருடைய பாரத்தை இறக்கிவைக்கப் போகிறோம் என்கிற அவசரம். கடை வாசலிலேயே வண்டியை நிறுத்தி, மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன்.

பாய் கேட்டுக்கொண்டார். முகத்தில் சந்தோஷம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

"நீ கேட்டியா?"

"இல்ல பாய். அதுவாதான் சொல்லுச்சு."

"வேணாம்னு சொல்லு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. கோபம்கூட வந்தது. "ரெண்டு வருசமா இதுக்குத்தானே தலைய குனிஞ்சிக்கினு இருந்தீங்க?"

அவர் நூல்கண்டைக் கீழே வைத்தார். "எத்தினியோ பேருகிட்ட கேட்டிருக்கேம்மா. எல்லாரும் குடுத்தேன், குடுத்தேன்னாங்க. வித்துத் தீரணும்னு நிக்கறவன்கிட்ட போயி மனசாரவான்னு கேட்டா வேற இன்னா சொல்லுவான்? பொருளையும் வாங்கிக்கினு அந்த வார்த்தையும் வாங்கிக்கினு வந்திருக்கறேன். ஒரே ஒரு பொண்ணுதான் மாட்டேன்னு சொல்லுச்சு. அந்த ஒரு வார்த்தையும் போயிடக்கூடாது. குடுக்காதன்னு சொல்லு. ஓட்டறது நீ ஓட்டு. வண்டி அந்தப் பொண்ணுதுன்னே இருக்கட்டும்."

 வாழ்நாள் முழுவதும் தான் நல்லது என்று நினைத்துச் செய்த ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிற தைரியம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? எனக்கு இல்லை. அவரை அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் பிடித்தது.

குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்து அவளை மாமியார் வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு நடந்துகொண்டிருந்த நாளில் போய், பாய் சொன்ன சேதியைச் சொன்னேன். அழைத்துப் போக மாமியார் கடலூர் பக்கத்திலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் மெல்லத்தான் சொன்னேன்.

 அந்தப் பெண் குழந்தையை என் இடுப்பில் வைத்தாள். நேரே வாசலுக்குப் போனாள். புடவையைச் செருகிக்கொண்டு சீட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். "அடியே, இன்னாடி இது, சம்பந்தியம்மா பாக்கறாங்கடி!" என்று அவள் அம்மா ஓடி வருவதற்குள் தெரு முனையைத் தாண்டிவிட்டாள். மாமியார் எழுந்து வந்து வாசலில் நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் குழந்தைக்கு எடை சரியாக இருக்கிறது, தாய்ப்பால் நன்றாகக் குடிக்கிறது என்றெல்லாம் அவளிடம் விடாமல் பேசிக்கொண்டே இருந்தேன்.

ஆற்றங்கரை வரைக்கும் போயிருப்பாள். திரும்பி வந்தபோது தலை கலைந்து, முகமெல்லாம் வியர்வை. வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். மாமியார் வாயைத் திறப்பதற்குள் என்னிடம், "எடுத்துக்கினு போங்கக்கா. நான் ஒண்ணும் குடுக்கலன்னு பாய்கிட்ட சொல்லிடுங்க" என்றாள். உரக்கவே சொன்னாள்.

பாயிடம் சொன்னேன். அவர் எழுந்து கடைக்கு வெளியே வந்து, அந்தச் சைக்கிளை முதல் தடவையாக நின்று பார்த்தார். பிறகு எதிர் டீக்கடையைப் பார்த்துக் குரல் கொடுத்து, கடைத்தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் டீ போடச் சொன்னார். என்ன விசேஷம் பாய் என்று கேட்டார்கள். "ஒரு பொண்ணு எனக்கு ஒண்ணு குடுக்கலப்பா" என்றார். யாருக்கும் புரியவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.